மடியில் வைத்த கார்டுகள்

“ரெண்டு நாளா இந்தக் கார்டு இன்னா கனம் கனக்குதுடி, உனுக்கும் அப்படித்தானே கீது?” என்று கம்பெனிப் பேருந்தின் முன்சீட்டில் ஒருத்தி கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் தலையில் பூவைச் சரிசெய்துகொண்டே, “எனுக்கு அது கழுத்துல கீறதே தெரியல போ” என்றாள். இரண்டும் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றிருந்த யுவராணியின் காதில் விழுந்தன. அவள் எப்போதும் ஒன்றும் சொல்லாதவள். உத்திரமேரூர்ப் பக்கத்து ஊரிலிருந்து கல்லூரிக்குப் போய் இயற்பியல் படித்து முடித்து, கார்களுக்கு உள்ளே ஓடும் ஒயர்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தரும் அந்தக் கம்பெனியில் பயிற்சியாளாகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியும், அவள் குரல் எப்படி இருக்கும் என்று கேன்டீனில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் கேட்டதை அவள் மறப்பதில்லை. தன் கழுத்திலிருந்த கார்டை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். ஈரக் கைக்குட்டை அளவுக்குக் கனத்தது. நேற்று வரை அப்படி இல்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து ஆலை திறந்த வாரம் அது. பெயரும் புகைப்படமும் போட்டு நாடாவில் தொங்கும் அந்தப் பிளாஸ்டிக் கார்டு, எல்லோருக்கும் ஒரே அச்சில் ஒரே இயந்திரத்தில் வந்ததுதான். நிரந்தரமானவர்களுக்குச் சிவப்பு நாடா, ஒப்பந்தக்காரர்களுக்கு நீலம், பயிற்சியாட்களுக்கு மஞ்சள் என்பதைத் தவிர ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் கிடையாது. அந்த வாரம் முதல் அவை ஆளுக்கு ஒரு கனமாகின. ஷபானாவுக்கு மல்லிகைச் சரம் போல இருந்தது. வீட்டில் நான்கு அண்ணன்மாருக்கு நடுவே சன்னலைத் திறக்கவே அனுமதி கேட்டு வளர்ந்தவள் அவள். சத்தம் போட்டுச் சிரிக்கவும் முட்டையை முழுசாகத் தின்னவும் அவளுக்குக் கிடைத்த முதல் இடம் கம்பெனிக் கேன்டீன்தான். என்ஜினியர் பார்த்திபனுக்கு முதல் நாள் காகிதமாக இருந்த கார்டு, மறுநாள் பதவி உயர்வு வந்த மாலையே அம்மிக்கல்லாகி, அதற்குப் பிறகு அவன் தரையில் எதையோ தொலைத்தவன் போல நடந்தான். வாசலில் காவல் நிற்கும் முன்னாள் பட்டாளத்துக்காரர் துரைக்கண்ணுவுக்கோ விடியலில் லேசாகவும் பொழுது சாய்கையில் கனமாகவும் இருந்ததால், அவர் மணி பார்ப்பதையே விட்டுவிட்டு கழுத்தைத் தடவிப் பார்த்தே ஷிப்ட் முடியும் நேரத்தைச் சொன்னார்.

யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்படத் தனியாக நேரம் வேண்டும். உற்பத்தி லைனில் அது ஒதுக்கப்படவில்லை. பெண்கள் பழைய புடவைக் கிழிசலை மடித்து நாடாவுக்கு அடியில் மெத்தை தைத்துக்கொண்டார்கள். பேருந்து நிறுத்தத்தில் கடலை விற்றவர் கடலையோடு தைலமும் விற்கத் தொடங்கினார். வரன் பேச வந்த தரகர்கள், மாப்பிள்ளைக்குக் கார்டு எப்படி என்று கேட்டார்கள். பார்த்திபனுக்கு நிச்சயமாகவிருந்த வாலாஜாபாத் இடம் அந்தக் கேள்வியிலேயே முறிந்தது. கோயிலில் கார்டை வைத்து எலுமிச்சம்பழம் சுற்றினார்கள். மசூதிக்குக் கொண்டுபோய் ஓதி வாங்கி வந்தார்கள். கனம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கம்பெனியும் தன் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்தது. மனிதவளத் துறை மேலாளர் தயாபரன், பரிசோதனைக்கூடத்துத் தராசைக் கேன்டீன் நடுவில் வைத்து, ஆளாளுக்குக் கார்டைக் கழற்றி வைக்கச் சொன்னார். எந்தக் கார்டை வைத்தாலும் தராசு ஒரு பிஸ்கட்டின் எடையையே காட்டியது. கழற்றி வைத்தால் அந்தக் கார்டுகளுக்குக் கனமே கிடையாது. மனிதக் கழுத்திலோ கையிலோ மடியிலோ இருந்தால்தான் கனம். இதைத் தராசிடம் யாரும் விளக்க முடியவில்லை.

“பாருங்கம்மா, எல்லாருக்கும் ஒரே எடைதான், தராசே சொல்லுது” என்றார் தயாபரன். கெட்டவர் இல்லை அவர். ஆயுதபூஜைக்குத் தன் கையால் பொரி கொடுப்பார், யார் வீட்டுச் சாவுக்கும் ஆள் அனுப்புவார். அவருடைய கார்டு மட்டும் காற்றில் எழும்பி எழும்பி முகத்தில் அடித்ததால், சட்டைப்பையில் ஒரு பேனாவைச் செருகி அதை அழுத்தி வைத்திருந்தார். கம்பெனியைப் பற்றி அவர் சொன்ன நல்லதெல்லாம் அவருக்கு உண்மையாகவே இருந்தது என்பதை யுவராணி அந்தப் பேனாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

தராசு வந்துபோன பிறகுதான் பொய் ஆரம்பித்தது. கார்டு கனக்கிறது என்று சொல்பவர்கள் வேலையில் மனமில்லாதவர்கள், அவர்களைத்தான் முதலில் நிறுத்துவார்கள் என்று எங்கிருந்தோ ஒரு பேச்சு கிளம்பியது. அன்றிலிருந்து கேட்டால் எல்லோரும் “இறகு மாதிரி கீது” என்றார்கள். சொல்லும்போதே கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. குனிந்தால் தெரிந்துவிடும் என்று நிமிர்ந்து நடந்தார்கள். நிமிர்ந்து நடக்கிற ஆட்களைப் பார்க்கப் பெருமையாக இருக்கிறது என்று மேலாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

பேருந்திடம் மட்டும் பொய் செல்லவில்லை. ஓட்டுநர் கன்னியப்பன் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார், வண்டி ஒரு பக்கமாகச் சாய்கிறதென்று.

“இந்தா, உன் கார்டு இறகா இல்ல எருமையான்னு எனுக்குத் தேவையில்ல. பாலாத்துப் பாலத்துல வண்டி இழுக்குது. கனமெல்லாம் ரெண்டு பக்கமும் பிரிஞ்சி ஒக்காருங்க. அப்பால அழுதுகினு வராதீங்க” என்று அவர் கத்த, கூட்டம் எழுந்து மாறி உட்கார்ந்தது. யார் எழுந்தார்கள் என்று யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அந்தப் பேருந்தில்தான் அந்தப் பழக்கமும் இருந்தது. எல்லாப் பேருந்திலும் இருப்பதுதான், நிற்பவர் தன் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுப்பது. கேட்கக்கூட வேண்டியதில்லை, “கொஞ்சம் வெச்சுக்கோ” என்று நீட்டினால் போதும், முன்பின் தெரியாதவர் பையானாலும் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். கார்டு கனத்த பிறகு, பையோடு கார்டையும் கழற்றிக் கொடுக்கத் தொடங்கினார்கள். வாங்கியவள் ஒரு நிமிஷம் மூச்சை இழுத்துப் பிடிப்பாள். பிறகு கொடுத்தவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்ப்பாள். அவ்வளவுதான். லைனில் பொய் சொன்ன இருவரும் பேருந்தில் ஒருவர் மடியில் ஒருவர் உண்மையை வைத்துவிட்டு, இறங்கும்போது எடுத்து மாட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்தவர் கார்டின் கனம் வாங்கியவர் கையிலும் இருக்கும் என்பது யுவராணிக்குக் கொஞ்சம் முன்பே தெரிந்துவிட்டது. காரணம் அஞ்சலாட்சி.

கம்பெனி தகரக் கொட்டகையாக இருந்த காலத்தில் சேர்ந்தவள் அஞ்சலாட்சி. இன்று சூப்பர்வைசர்களாகச் சுற்றும் பாதிப் பேருக்கு ஒயர் முடியக் கற்றுக்கொடுத்தவள். அவர்களுக்கெல்லாம் சிவப்பு நாடா வந்துவிட்டது, அவள் கழுத்தில் இன்றும் நீலம்தான். அவளுக்குப் பேச்சு வராத ஒரு மகள், அமுதா. அவளைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் வேன், கம்பெனிப் பேருந்து போன பிறகுதான் வரும். அமுதா அம்மாவின் கையை விட்டு இன்னொருவர் கையைப் பிடித்து வேன் ஏறமாட்டாள். அதனால் அஞ்சலாட்சி வேன் ஏற்றிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வருவாள். கொஞ்சம் தாமதமாகும். கொஞ்சம் தாமதமானாலும் வாசலில் உள்ள வருகைப்பதிவு இயந்திரம் அரைநாள் சம்பளத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே முந்தின நாள் மாலையே தன் கார்டை யாரிடமாவது கொடுத்துவிடுவாள், அவர்கள் காலையில் தங்கள் கார்டோடு அதையும் தேய்த்துவிடுவார்கள். வந்து சேர்ந்ததும் வாங்கி மாட்டிக்கொண்டு, தாமதமான நேரத்துக்கு மேலாகவே மாலையில் இருந்து வேலையை முடித்துக் கொடுப்பாள். எழுதப்படாத ஏற்பாடு. போன வருஷம் முதல் அது யுவராணியின் பொறுப்பு.

பொங்கலுக்குப் பிறகு முதன்முதல் அந்தக் கார்டைக் கையில் வாங்கிய மாலை, யுவராணி நின்ற இடத்திலேயே பேருந்தின் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னாடி ஆச்சு?” என்றாள் அஞ்சலாட்சி.

“அக்கா... இதை எப்படிக்கா போட்டுக்கறீங்க?”

“நகையே பாக்காத கழுத்து. கம்பெனி காசுமாலை போட்டு அனுப்புது, வேணாம்னா சொல்ல முடியும்?” என்று சிரித்தாள். சிரித்தபோது அவள் கழுத்தின் பின்புறம் நாடா பதிந்த தடம், மாட்டின் நுகத்தடித் தழும்பைப் போலக் கறுத்திருந்ததை யுவராணி பார்த்தாள். அன்று முதல் அந்தக் கார்டை இரண்டு கையாலும் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுபோய், அலமாரியில் வைத்துவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டு படுப்பாள். காலையில் எடுத்துத் தன் கார்டின் மேலேயே மாட்டிக்கொண்டு பேருந்து ஏறுவாள். இயந்திரத்தில் அதைத் தேய்க்கத் தூக்கும்போது நின்று மூச்சு வாங்கிக்கொள்வாள்.

அப்படி மூச்சு வாங்கியதுதான் கேமராவில் பதிந்தது.

கண்ணாடி அறையில் தயாபரன் அவளுக்கு நாற்காலி காட்டினார். அவள் உட்காரவில்லை. அவர் குரலை உயர்த்தவும் இல்லை.

“நீ படிச்ச பொண்ணு, யுவராணி. உன் மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல. இன்னொருத்தர் கார்டைத் தொடக்கூடாதுன்னு நோட்டீஸ் போட்டிருக்கோம்ல?”

அவள் தலையை ஆட்டினாள்.

“அந்தம்மா சீனியர். நீ சின்னப் பொண்ணு. எடுத்துட்டுப் போடின்னு மிரட்டியிருக்கும். அப்படித்தானே?”

அவள் அவருடைய பேனாவைப் பார்த்தாள்.

“அதை மட்டும் வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வந்து எல்லார் முன்னாடியும் சொல்லிடு. கார்டு கனக்குதுங்கற கதையைக் கிளப்பிவிட்டதும் அந்தம்மாதான்னு எங்களுக்குத் தெரியும். அது போயிட்டா எல்லாம் அடங்கிடும். உனக்கு மாசக் கடைசியில சிவப்பு நாடா. நான் பொறுப்பு. இல்லன்னா...” அவர் கையை விரித்தார். “ரெண்டு பேரையும் வெச்சுக்க முடியாதும்மா. என்னாலயும் முடியாது.”

சிவப்பு நாடா என்றால் என்ன என்று யுவராணிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அம்மா இனி அடுத்தவர் வயலில் முட்டி நோக நாற்று நட வேண்டாம். வீட்டின் மேல் போட்ட தார்ப்பாயை எடுத்துவிட்டு ஓடு போடலாம். அவள் வெளியே வந்தாள். வராந்தாவில் நடக்கும்போது எதையோ தொலைத்துவிட்டது போலிருந்தது. கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். கார்டு இருந்தது. கனம்தான் இல்லை. ஈரக் கைக்குட்டையாக இருந்தது காய்ந்து, மின்விசிறிக் காற்றில் மெல்ல மேலே எழும்பியது. அவள் அதைப் பிடித்து உள்ளங்கைக்குள் அழுத்திக்கொண்டாள்.

அன்று மாலை அஞ்சலாட்சியிடம் சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்லவும் வரவில்லை. கழிப்பறைக் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் சொன்னாள்.

அஞ்சலாட்சி நெடுநேரம் கையைக் கழுவினாள்.

“சொல்லிடுடி” என்றாள்.

“அக்கா!”

“இன்னா அக்கா? நான் இன்னும் எத்தினி வருசம் இதை மாட்டிக்கினு சுத்துவேன்? நீ இப்பதான் வந்து கீற. அக்கா மிரட்டுச்சின்னு சொல்லு. நெஜமாவே வேணும்னா ஒரு தடவ மிரட்டிடறேன்.” கண்ணை உருட்டிக் கையை ஓங்கினாள். யுவராணி சிரிக்காததைப் பார்த்துக் கையை இறக்கினாள். “அமுதாவுக்கு மட்டும் வேன் நிக்காம இருந்தா போதும். வேற எங்கனா ஒயர் கட்டுற வேல கெடைக்காமலா பூடும்” என்றாள். குரலில் கோபம் இல்லை. துணி காயப்போடுகிறவளின் அலுப்புதான் இருந்தது. அந்த அலுப்பை யுவராணி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அன்று கார்டு அவளிடம் கொடுக்கப்படவில்லை. ஆனாலும் கைகள் கனத்தன. அடுத்த நாள் அஞ்சலாட்சி தாமதமாக வந்தாள், இயந்திரம் அரைநாளை எடுத்துக்கொண்டது. அதற்கடுத்த நாளும் எடுத்துக்கொண்டது. அவள் லைனில் போய் உட்கார்ந்து மற்றவர்களுக்கு முந்தி ஒயர் முடிந்தாள். ஷபானா மட்டும் அவளுக்குத் தன் முட்டையை வைத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை மாலை காலம் தப்பி மழை பிடித்தது. ஒரகடம் சாலை முழுக்கத் தண்ணீர். தயாபரனின் கார் வாசலிலேயே இருமி இருமி நின்றுபோயிற்று. அவர் வீடு வாலாஜாபாத். உத்திரமேரூர் பேருந்து அந்த வழிதான். தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு அவர் படியேறியபோது நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். இரண்டாவது வரிசையில் இருந்த இருவரும் எழுந்துகொண்டார்கள். அவர், “பரவாயில்ல, உட்காருங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தன் தோல்பையை சன்னலோரச் சீட்டில் வைத்துக்கொண்டார். மேலாளர் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? கூட்டம் கம்பிகளில் தொங்கிக்கொண்டு நிற்க, அந்தத் தோல்பை சன்னலோரமாக உட்கார்ந்து வந்தது.

அவர் சீட்டை ஒட்டி யுவராணி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் அஞ்சலாட்சி. ஈரப் புடவையும் ஒயர் நாற்றமும் தைலமும் கலந்து பேருந்து மூச்சு விட்டது. வண்டி குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் அஞ்சலாட்சியின் கார்டு முன்னும் பின்னும் ஆடி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவள் கழுத்து கூடவே போய்வந்ததை யுவராணி சன்னல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தாள். தன் கார்டு உள்ளங்கைக்குள்ளிருந்து பறக்கப் பார்ப்பதும் தெரிந்துகொண்டிருந்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமை.

“சார்” என்றாள்.

அவர் நிமிர்ந்தார். அவள் பேசியதைக் கேட்டுப் பக்கத்தில் இருந்தவர்களும் திரும்பினார்கள்.

“அக்கா என்னை மிரட்டல சார். நானேதான் வாங்கிட்டுப் போனேன். ஒரு வருஷமா.”

“அதெல்லாம் நாளைக்குப் பேசலாம்மா.”

“நாளைக்கும் இதையேதான் சார் சொல்லுவேன்.”

“பைத்தியமாடி நீ?” என்று அஞ்சலாட்சி பின்னாலிருந்து அவள் முழங்கையைக் கிள்ளினாள். யுவராணி திரும்பி, அஞ்சலாட்சியின் தலைக்கு மேலாக நாடாவைக் கழற்றினாள். வண்டி ஆடியதில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்த அஞ்சலாட்சி தடுக்கவில்லை. தடுக்கக் கையை எடுத்தால் கம்பியை விட வேண்டும். கார்டை இரண்டு கையிலும் ஏந்தி, எந்தப் பேருந்திலும் எந்தப் பெண்ணும் சொல்கிற குரலில், யுவராணி சொன்னாள்:

“நிக்க முடியல சார். இதைக் கொஞ்சம் வெச்சுக்கறீங்களா?”

தயாபரனும் ஒரு காலத்தில் பேருந்தில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போனவர்தான். யோசித்திருந்தால் வாங்கியிருக்கமாட்டார். யோசிப்பதற்குள் கை நீண்டுவிட்டது. கார்டு அவர் கையில் பட்டதும் இரண்டு கைகளும் மடியில் விழுந்தன. முதுகு சீட்டில் அழுந்தியது. சட்டைப்பையில் பேனாவுக்கு அடியில் துடித்துக்கொண்டிருந்த அவருடைய கார்டு அசையாமல் படிந்தது.

பிறகு அவர் சீட்டுக்குப் பின்னால் நின்றிருந்த ஒருத்தி, இதுவரை இறகு இறகு என்று சொல்லி வந்தவள், “சார், இதையும்” என்று தன் கார்டை மெதுவாக அவர் மடியில் வைத்தாள். பிறகு இன்னொருத்தி. கூட்டத்தில் முண்டி வந்த பார்த்திபன் தன்னுடையதை நீட்டிவிட்டு, வாரக்கணக்கில் பார்க்காத பேருந்துக் கூரையை அண்ணாந்து பார்த்தான். பழக்கப்படி ஆளாளுக்கு ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். ஷபானா தன் கார்டைக் கையிலெடுத்துப் பார்த்து, இதைக் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்பதுபோல மறுபடி மாட்டிக்கொண்டாள். வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. கன்னியப்பன் கண்ணாடியில் எட்டிப் பார்த்து, எதையோ சொல்ல வந்து, ஸ்டியரிங்கை மறுபக்கம் ஒடித்துப் பிடித்துக்கொண்டார்.

வாலாஜாபாத் விளக்குகள் தெரிந்தன. பேருந்து நின்றது.

“சார், உங்க ஸ்டாப்பு” என்றார் கன்னியப்பன்.

தயாபரன் மடியைப் பார்த்தார். மேலே கிடந்த கார்டில் அஞ்சலாட்சியின் புகைப்படம், சேர்ந்த புதிதில் எடுத்தது, இரட்டைப் பின்னலோடு சிரித்தது. அவர் நிமிர்ந்து, வெறும் கழுத்தோடு கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடி நிற்கும் அஞ்சலாட்சியைப் பார்த்தார்.

“சார்?” என்றார் கன்னியப்பன் மறுபடியும். “போலாமா?”

தயாபரன் ஒரு கையால் மடியிலிருந்த கார்டுகளை நழுவாமல் பிடித்துக்கொண்டு, மறுகையால் சன்னலோரத்துத் தோல்பையை எடுத்துக் காலடியில் ஈரத்தில் வைத்துவிட்டு, தன் இடத்தைக் காலியாக்கி, மெல்ல மெல்ல அந்தப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.